நாலாவது லைன் டோக்கன்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்டர் அம்மா பரிசோதனைச் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கடிகாரக்காவைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"காலையில ஒரு டம்ளர். மத்தியானம் சாப்பிட்டு வாய் நனைக்க ஒரு மடக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு."

"நடுவுல?"

"நடுவுல வேலைங்க."

இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டுச் சலித்தவர் போல டாக்டர் அம்மா தலையாட்டினார். சிறுநீரில் கிருமி இருக்கிறது, இடது பக்கம் ஒரு சின்னக் கல்லும் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். கூடவே, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை, காலைச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவது, நடுவில் ஐந்து நிமிடம் காலை நீட்டி வைப்பது என்று நான்கு காரியம் சொன்னார்.

"சனிக்கிழமை திரும்பவும் டெஸ்ட் எடுக்கணும். கிருமி குறைஞ்சா மாத்திரையோட போயிடும். ஏறிச்சுன்னா சேர்த்துக்கத்தான் வேணும், பத்து நாள் படுக்கை. நடுவுல காய்ச்சல் வந்தா சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வந்துடுங்க."

பத்து நாள் என்றதும் கடிகாரக்கா விரல்விட்டு நாள் எண்ண ஆரம்பித்தாள். உடம்பை நினைத்து அல்ல. அதே சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தையல் ஆலை வாசலில் லாரி வந்து நிற்கும். புதிதாகத் திறக்கப்போகும் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் உடுத்தும் அங்கி, மூவாயிரம். அத்தனையும் அவளுடைய நாலாவது லைன்தான் தைத்துக் கொடுக்க வேண்டும்.

அவள் அந்த லைனின் சூப்பர்வைசர். இருபத்தெட்டு மெஷின், இருபத்தெட்டுப் பெண்கள். கடிகாரம் என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு பின்னால் ஒரு அக்காவைச் சேர்த்து முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவளும் அதைப் பட்டம் வாங்கியது போல ஏற்றுக்கொண்டாள்.

அந்த ஆலையில் லைனுக்கு ஒரு டோக்கன் உண்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு, அதில் லைன் எண், கழுத்தில் மாட்ட ஒரு சிவப்பு நாடா. கழிப்பறைக்குப் போகிறவள் அதை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டும்வரை அடுத்தவள் எழுந்திருக்கக் கூடாது. நாலாவது லைன் டோக்கன் கடிகாரக்காவின் மேசை ஓரத்து ஆணியில் தொங்கியது. சட்டம் அவள் போட்டதில்லை. ஆனால் தாய்வீட்டுச் சீதனம் போல அதைக் கட்டிக்காத்தாள். யாராவது டோக்கனைத் தொட்டால் போதும், தலை நிமிராமலே சொல்வாள்.

"ரெண்டு நிமிஷம்."

ஆறு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த டோக்கனைக் கழுத்தில் மாட்டியதில்லை. காலையில் வீட்டில் போனால் மாலையில் வீட்டில்தான். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எதற்கெல்லாம் மனுஷர் பெருமைப்படுகிறார்கள் பாருங்கள்.

அன்று மாலை விஷயத்தைப் புருஷனிடம் சொன்னாள். அவர் டவுன் பஸ் டிரைவர், இருபது வருட சர்வீஸ். கேட்டுவிட்டு எழுந்துபோய், தன் பையிலிருந்து பழைய டிரிப் ஷீட் ஒன்றை எடுத்து வந்தார். எந்த ஸ்டாப்பை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று அவர் தினமும் நிரப்பும் தாள் அது. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"உனக்கு ரூட் போடறேன். இரு. காலையில ஏழரை, உட்கார்ந்து சாப்பாடு. எட்டு பத்து, புறப்பாடு, ஒரு டம்ளர். ஒன்பது இருபது, அரை பாட்டில். பத்து மணி, போய் வரல்."

"போய் வரலா?"

"பின்ன எப்படி எழுதச் சொல்ற? ஆபீஸ் பாஷையில மரியாதையா எழுதியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது.

"வலிக்குதா?"

"லேசா."

"ரேடியேட்டர்ல தண்ணி இல்லன்னா நான் வண்டிய எடுக்கவே மாட்டேன், தெரியுமா?"

"நான் பஸ் இல்லங்க."

"தெரியுது. பஸ்ஸா இருந்தா எப்பவோ டெப்போவுல நிறுத்தி வச்சிருப்பாங்க." அவர் கடைசிக் கட்டத்தையும் போட்டு முடித்தார். "ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரே டிக் போடணும். சாயங்காலம் நான் செக் பண்ணுவேன். இல்லன்னா நீ தைக்கிற அங்கிய நீயே மாட்டிக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவர் முகமே சுருங்கிவிட்டது. தாளை நான்காக மடித்து அவள் கைப்பையில் தானே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வெயில் காலையிலேயே தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மின்விசிறிகள் சுடுகாற்றை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டிருந்தன. அந்த அங்கி பார்க்க எளிது, தைக்கத் தொல்லை. முன்பக்கம் ஒரே துண்டு. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். இடது ஓரத்தில் ஒரு நாடா, வலது விலாத் தையலில் ஒரு நாடா. இரண்டையும் இழுத்து முடிந்தால்தான் நோயாளிக்கு மானம் மிஞ்சும்.

அன்றைக்கு அறுநூறு எண்ணிக்கை தாண்ட வேண்டும். கடிகாரக்கா மெஷினுக்கு மெஷின் நடந்தாள். பாட்டில் மேசைக்கு அடியில் இருந்தது. ஒன்பது இருபது வந்தது, போனது. பத்து மணிக்கு டோக்கனைப் பார்த்தாள். அது ஏற்கனவே ஒருத்தி கழுத்தில் போயிருந்தது, இன்னும் மூன்று பேர் ஆணியையே பார்த்துக்கொண்டு தைத்தார்கள். நடுவில் நான் எப்படிப் போய்ப் புகுந்துகொள்வது என்று விட்டுவிட்டாள். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் பாட்டிலைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். ஷீட்டை எடுத்து மளமளவென்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள்.

டிரைவர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது பொய் ஷீட்டு."

"ஏன்? எல்லாம் போட்டிருக்கேனே."

"அதான் சொல்றேன். பதினோரு டிக்கும் ஒரே சாய்வா இருக்கு. நாள் முழுக்க ஓடினவன் ஷீட்டு இப்படியா இருக்கும்? ஒண்ணு கோணும், ஒண்ணுல வேர்வை படும், ஒரு ஸ்டாப்பு விட்டுப்போகும். ஓடாத வண்டிக்குத்தான் ஷீட்டு இவ்வளவு அழகா இருக்கும்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஒரு டோக்கன்தாங்க இருக்கு. இருபத்தெட்டுப் பேர். நான் மாட்டிக்கிட்டுப் போனா ஒருத்தியோட முறை போயிடும். அவங்களை ரெண்டு நிமிஷம்னு விரட்டுறவ நான். நானே எந்த முகத்த வச்சுக்கிட்டு எழுந்து போறது?"

"இருக்கிற முகத்த வச்சுக்கிட்டுதான்."

"ரொம்பப் பேசாதீங்க. நீங்க டியூட்டியில எத்தனை தடவை இறங்குறீங்க?"

டிரைவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேட்டேனே."

"பஸ் ஸ்டாண்டுல போய் நிறுத்தினதுமே ஜனம் ஏறி உட்கார்ந்துடுது. எப்ப எடுப்பேன்னு முதுகையே பார்க்குது. எப்படி இறங்குறது?"

"அப்ப உங்க முகம்?"

அவர் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "என்னை விடு. எனக்குக் கல்லு இல்ல. நாளைக்காவது குடி. எனக்குப் பயமா இருக்கும்மா."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அதனால் புதன்கிழமை குடித்தாள். சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குடித்தாள். டிக்குகளெல்லாம் ஒழுங்காகக் கோணின. ஆனால் குடித்தாளே தவிர, போய் வரவில்லை. பாதி வைத்தியம் எப்போதும் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையிலும் கழிப்பறை வாசலில் நின்ற வரிசைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஒரு மணிக்கு இடைவேளை முடிந்தபோது அவளால் நேராக நிற்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பின் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் வரும் முதல் உருப்படியைச் சூப்பர்வைசர் திருப்பிப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட வேண்டும். அந்தக் கோடு விழுந்தால்தான் மற்றது ஓடும். அன்றைக்கு, பலகையில் தொங்கிய மாதிரி அங்கியை யாரோ கழற்றிப் பார்த்துவிட்டு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள். விலா நாடா தைப்பவள் அதைப் பார்த்து இடம் மாற்றித் தைத்தாள். முதுகு ஓரத்து நாடா தைப்பவள் பலகையைப் பார்க்காமல் பழக்கத்தில் தைத்தாள். முதல் அங்கி மேசைக்கு வந்தது. கடிகாரக்காவின் கண் அங்கியில் இருந்தது, புத்தியெல்லாம் அடிவயிற்றில் இருந்தது. திருப்பாமலே கோடு போட்டாள்.

நாலரை மணிக்கு லைனிலேயே வேகமான கைக்காரி ஒரு அங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரயில் என்று பெயர். மெஷினை மிதித்தால் நிறுத்தமே கிடையாது.

"அக்கா, இதைக் கொஞ்சம் கட்டிக் காட்டுங்க."

கடிகாரக்கா வாங்கிப் பார்த்தாள். இரண்டு நாடாவும் இடது பக்கம். எதை எதனோடு முடிவது?

"எத்தனை?"

"மத்தியானத்துக்கு அப்புறம் வந்தது பூரா. இருநூத்தி நாப்பது."

மேனேஜர் வந்தார். கத்துகிற ஆள் இல்லை அவர். பதற்றம் வந்தால் குரல் இன்னும் இறங்கிப்போகும்.

"முதல் பீஸை யார் பார்த்தது?"

கோடு அவளுடையது. சாக்பீஸ் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாதிரியைத் திருப்பி மாட்டியது யார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பழி வேறு யார் தலையிலாவது இறங்கியிருக்கும். அந்த எண்ணம் அவளுக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"நான்தான் சார். ஆனா பார்க்கல. ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு நின்னேன். கண்ணு தெரியல. கிட்னியில கல்லு இருக்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் காலையிலேர்ந்து போகல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பவும் அடக்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன். போயிட்டு வந்து மிச்சத்தைப் பேசலாம்."

ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இருபத்தெட்டு மெஷின்களுக்கு நடுவே இருந்த பாதையில், ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி நடந்து போனாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவள் திரும்பி வர ஏழு நிமிடம் ஆயிற்று. வந்தபோது மேனேஜர் அதே இடத்தில் அங்கியோடு நின்றிருந்தார்.

"உட்காருங்கக்கா," என்றார்.

வியாழக்கிழமை எட்டுப் பேர் உட்கார்ந்து நாடாக்களைப் பிரித்தார்கள். தையல் பிரிக்கும் ஊசியால் இழையை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், துணி கிழியக் கூடாது. கடிகாரக்காவும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். மின்விசிறிகளுக்குக் கீழே பேச்சு மெதுவாகக் கிளம்பியது.

"அக்கா, நான் காலையில டீ குடிக்கிறதையே விட்டுட்டேன்," என்றாள் ரயில். "மூணு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் குடிப்பேன்."

"ஏன்டி?"

"ஏனா? நீங்க ரெண்டு நிமிஷம்னு சொல்லுவீங்களே, அதுக்குப் பயந்துதான்."

சுற்றியிருந்தவர்கள் ஊசியையே பார்த்தார்கள். கடிகாரக்காவுக்கு முகம் சுட்டது.

"நடந்து போகவே ஒரு நிமிஷம்க்கா," என்றாள் இன்னொருத்தி. "மாசத்துல மூணு நாளு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கடிகாரத்துக்கிட்ட யாருக்கா பேசுவாங்க?"

சொன்னவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது கடிகாரக்காதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புறங்கையால். அவள் செய்தது தப்பு என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தன் உடம்பை வதைத்ததோடு விட்டிருந்தால் தன்னோடு போயிருக்கும். அதை இருபத்தெட்டுப் பேருக்கும் பழக்கிவிட்டிருந்தாள்.

பத்து மணிக்கு எழுந்தாள். போய் வந்தாள். அப்படியே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், லைனுக்கு இன்னும் மூணு டோக்கன் வேணும். மெஷின் பக்கத்துல தண்ணி வச்சுக்கவும் விடணும்."

"துணி நனைஞ்சா?"

"நனையாம நான் பார்த்துக்கறேன்."

"அடுத்த வாரம் பேசலாம்க்கா. சனிக்கிழமை லாரி வருது."

"அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரியில இருந்தா யாரோட பேசுவீங்க? நேத்து நான் அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிச்சேன் சார். இன்னைக்கு எட்டுப் பேர் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "டோக்கன் செய்ய ஆள் இல்லையே இப்ப," என்றார். அது சம்மதம்தான். அவரால் சம்மதத்தை நேராகச் சொல்ல வராது.

டோக்கனுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. நூல் தீர்ந்த அட்டைக் கூம்புகள் மூலையில் குவிந்து கிடந்தன. பிரித்த நாடாக்களில் ஊசி ஓட்டை விழுந்திருந்ததால் திரும்பத் தைக்க முடியாது. இருநூற்று நாற்பது நாடா, குப்பைக்குப் போக வேண்டியவை. மூன்று கூம்புகளில் நாடா கோத்துக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி செய்தாள். மிச்ச நாடாவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பாட்டில் கழுத்தில் சுருக்குப் போட்டு மெஷின் காலில், மேசைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலாவது லைன் முழுக்க வெள்ளை நாடாவில் பாட்டில் ஆடியது.

பிறகு, கடிகாரம் கடிகாரந்தானே, டிரைவர் போட்ட ஷீட்டைப் பார்த்து லைனுக்கும் ஒன்று எழுதினாள். இருபத்தெட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரித்து, யார் எப்போது என்று முறை போட்டாள். அவசரமென்றால் முறை கிடையாது என்று கடைசியில் எழுதினாள். ஷீட்டில் ஏழாவது குழு அவளும் ரயிலும் இன்னும் மூன்று பேரும். தலைப்பு, போய் வரல்.

"இதென்னக்கா பேரு?" என்றாள் ரயில்.

"ஆபீஸ் பாஷை. உனக்குப் புரியாது, தைடி."

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்தில் பேச முடியாமல் சைகையிலேயே வேலை நடந்தது. ரயில் வெகுநாள் கழித்து வேலை நாளில் டீ குடித்தாள், அதை ஊருக்கே காட்டிக் காட்டிக் குடித்தாள். கடிகாரக்கா மூன்று மணிக்கு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நிமிடம் நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் குதிகாலிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. அடடா, இத்தனை நாள் இந்தக் கால்கள் வலித்துக்கொண்டா இருந்தன என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் மந்திரம் போட்ட மாதிரி முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை லாரி பன்னிரண்டு மணிக்கே வந்து நின்றது. கடைசிக் கட்டு ஒன்றே முக்காலுக்குத்தான் ஏறியது. லாரிக்காரர் முணுமுணுத்தார். மேனேஜர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

மூன்றரை மணிக்கு டாக்டர் அம்மா புதுச் சீட்டைப் படித்தார். கடிகாரக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குறைஞ்சிருக்கு. நல்லாவே குறைஞ்சிருக்கு. சேர வேண்டாம். கல்லு அங்கேயேதான் இருக்கு, அது தண்ணியிலதான் இறங்கணும். ஒரு மாசம் இதே மாதிரி இருக்கணும். முடியுமா?"

"முடியும். ஷீட்டு இருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து நாலு எட்டு வைத்தால் பஸ் ஸ்டாண்டு. அவருடைய நாலு மணி வண்டி நின்றது. ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது, இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"படுக்கை இல்லன்னுட்டாங்க."

டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவர் துண்டை இறக்கியபோது, அவள் சீட்டு ஓரக் கம்பியில் வெள்ளை நாடாவால் ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னது?"

"குடிங்க. காலையிலேர்ந்து எத்தனை தடவை இறங்கினீங்க?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, சிவப்பு நாடாவில் கோத்த மரத்துண்டை எடுத்தாள். இதற்குப் பதிலாக நாலாவதாக ஒரு கூம்பும் கோத்துவிட்டேன், இது இனி சும்மாதான் தொங்கும் என்று மேனேஜரிடம் சொல்லி வாங்கி வந்திருந்தாள். குனிந்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

"போயிட்டு வாங்க."

"ஏம்மா, ஜனம் பூரா பார்க்குது."

"பார்க்கட்டும்."

அவர் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். கழுத்தில் டோக்கனோடு இறங்கி, பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியை நோக்கி நடந்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக.

முன் வரிசையில் பெட்டியை மடியில் வைத்திருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"ஏம்மா, நாலு மணி ஆயிடுச்சு. டிரைவர் எங்க போறாரு? எவ்வளவு நேரம் ஆகும்?"

ரெண்டு நிமிஷம் என்ற சொல் ஆறு வருடப் பழக்கத்தில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"ஆகுற நேரம் ஆகுங்க. உட்காருங்க," என்று சொல்லிவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள்.